எஃகா, அலுமினியமா, கார்பனா, டைட்டானியமா? சைக்கிள் ஃபிரேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேர்ந்து ஓட்டுகிறவர்களும், முதல் கியர் சைக்கிள் வாங்குவதற்கு முன் அழைத்துப் பேசுகிறவர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் அடங்குகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைக் குறிப்பிட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஃபிரேம் எதில் செய்தது என்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் கடையில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஃபிரேமின் குணத்தை அதன் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. குழாய்களின் விட்டம், சுவர்த் தடிமன், கோணங்கள், நீளங்கள், இணைப்புகளைச் செய்தவரின் கைத்திறன் ஆகிய எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. வடிவமைப்பாளருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை மட்டுமே பொருள் முடிவு செய்கிறது.

இதற்கு நல்ல சான்று 1980-களின் அலுமினிய ஃபிரேம்கள். பிரான்சின் விட்டுஸ் 979 எஃகு ஃபிரேமைப் போன்ற ஒல்லியான குழாய்களைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி பல பந்தயங்களை அதில் வென்றார், ஆனாலும் அழுத்தி மிதித்தால் வளைந்துகொடுக்கும் வண்டி என்றே அது பெயர்பெற்றது. அதே காலத்தில், 1983-ல், அமெரிக்காவின் கேனன்டேல் பருத்த குழாய்களோடு ஓர் அலுமினிய ஃபிரேமைக் கொண்டுவந்தது. அதைப் பற்றிய புகாரெல்லாம் அது மிகவும் விறைப்பானது என்பதுதான். இரண்டும் அலுமினியம்தான், குழாயின் விட்டம்தான் வேறு.

2. நான்கு பொருள்களுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? எண்களோடு சொல்லுங்கள்.

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.85 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, கார்பன் இழையும் அதைப் பிணைக்கும் பசையான ரெசினும் சேர்ந்த கலவை சுமார் 1.6. விறைப்பைக் காட்டும் யங் குணகம் எஃகுக்குச் சுமார் 205 ஜிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 110, அலுமினியத்துக்கு 70. இந்த விறைப்பை எடையால் வகுத்துப் பாருங்கள். மூன்று உலோகங்களுக்கும் விடை ஏறத்தாழ 24 முதல் 26 வரையில்தான் நிற்கும். எடைக்கு எடை பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விறைப்புள்ளவை என்பதே இதன் பொருள்.

பிறகு ஏன் அலுமினிய ஃபிரேம் இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கிறது? காரணம் விட்டம். மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு, விட்டத்தின் மூன்றாம் படியோடு சுவர்த் தடிமனைப் பெருக்கிய அளவில் உயர்கிறது. விட்டத்தை இரட்டித்துச் சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாது, ஆனால் விறைப்பு நான்கு மடங்காகிவிடும். எஃகில் இதைச் செய்ய முயன்றால், ஏற்கெனவே நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும் சுவர் இன்னும் மெலிந்து, எதன்மேலாவது சாய்த்து வைத்தாலே நசுங்கும் நிலைக்கு வந்துவிடும். அலுமினியத்தின் எடை எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால், குழாயைப் பருமனாக்கிய பிறகும் நசுங்காத அளவுக்குச் சுவர் மிஞ்சுகிறது. பழைய எஃகு ஃபிரேமின் கீழ்க்குழாய் 28.6 மி.மீ. என்றால், இன்றைய அலுமினியக் கீழ்க்குழாய் 40 மி.மீ.க்கும் மேல் இருப்பது இதனால்தான்.

கார்பன் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. உலோகம் எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ளது. கார்பன் இழைக்கோ இழை ஓடும் திசையில்தான் வலிமை. ஆகவே எந்த இடத்தில் எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்று வடிவமைப்பாளர் தீர்மானிக்கலாம். அந்தச் சுதந்திரம்தான் கார்பனின் உண்மையான பலம்.

3. ஸ்டீல் என்றால் எல்லாம் ஸ்டீல்தானே? ஒன்றுக்கு இன்னொன்று பத்து மடங்கு விலை சொல்கிறார்களே?

விறைப்பில் எல்லா எஃகும் ஒன்றுதான். விலை குறைந்த ஹை-டென்சில் எஃகுக்கும் விலையுயர்ந்த ரெனால்ட்ஸ் 853-க்கும் யங் குணகம் ஏறத்தாழ ஒரே அளவு. வேறுபடுவது வலிமை. குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த குரோமோலி போன்ற எஃகு அதிகச் சுமையைத் தாங்கும் என்பதால், சுவரை மெல்லியதாக இழுத்து எடையைக் குறைக்க முடிகிறது. விலையில் பெரும்பகுதி இந்த மெலிதாக்கும் வேலைக்குத்தான் போகிறது.

நல்ல குழாய்கள் இரு முனைகளிலும் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும், 0.9, 0.6, 0.9 மி.மீ. என்பது பழைய பந்தய ஃபிரேம்களில் வழக்கமான அளவு. வெப்பமும் தகைவும் (உலோகத்துக்குள் ஏறும் இழுவிசை, அழுத்தம்) கூடுகிற முனைகளில் உலோகத்தை நிறுத்தி, தேவையில்லாத நடுவிலிருந்து எடுத்துவிடும் இந்த முறைக்கு, பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் குடும்ப நிறுவனம் 1897-ல் காப்புரிமை பெற்றது. அவர்களின் 531 குழாய் 1935-ல் வந்து, அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பந்தய ஃபிரேம்களின் அளவுகோலாக இருந்தது. எஃகு வண்டி என்றாலே கனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1972-ல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டி உலகச் சாதனை படைத்த எஃகு ஃபிரேம் சைக்கிளின் மொத்த எடை 5.75 கிலோ.

4. அப்பாவின் ஹெர்குலிஸ் முப்பது வருஷம் உழைத்தது, பள்ளத்தில் விட்டாலும் அதிராது. அந்த மாதிரி ஸ்டீல் இப்போது வருவதில்லையா?

அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த அந்த வகை வண்டிகளில் இருந்தது சாதாரண எஃகுதான். நீண்ட உழைப்புக்குக் காரணம் தடித்த சுவர். எடையைப் பற்றிக் கவலைப்படாமல், மூட்டையேற்றிச் செல்வதற்கென்றே செய்த ஃபிரேம் அது. குழாய்களை லக் என்னும் உறைகளுக்குள் செருகிப் பித்தளையால் பற்றவைத்த இணைப்புகளும் உறுதியானவை.

அதிராமல் போனதற்கு எஃகைவிட மற்றவையே பெரிய காரணம்: ஒன்றரை அங்குல அகலமுள்ள டயர், சுருள்வில் வைத்த அகலமான சீட், சாய்ந்த கோணங்கள், இரு சக்கரங்களுக்கும் இடையிலான நீண்ட தூரம், நிமிர்ந்து உட்காரும் நிலை. இவற்றையெல்லாம் அலுமினியத்தில் செய்திருந்தாலும் வண்டி ஏறக்குறைய அப்படித்தான் போயிருக்கும்.

5. அலுமினியம் முதுகை உடைக்கும், ஸ்டீல் சொகுசாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் மறுக்கிறீர்களா?

பெரும்பகுதியை மறுக்கிறேன். சைக்கிள் ஃபிரேம் முக்கோணங்களால் ஆனது. மேலிருந்து கீழாக வரும் சுமைக்கு முக்கோணம் மிகமிகக் குறைவாகவே இடங்கொடுக்கும், எந்த உலோகமானாலும் சரி. ஆனால் நீங்கள் உட்கார்ந்தவுடன் டயர் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. சீட்டும் அதைத் தாங்கும் குழாயான சீட்போஸ்டும் வளைகின்றன. சாலையிலிருந்து இடுப்புவரை வரும் வழியில் ஃபிரேம்தான் மிகக் குறைவாக அசையும் பகுதி. அதை மட்டும் மாற்றி அதிர்வைப் போக்கலாம் என்று நம்புவது பணத்தை வீணாக்கும் வழி.

இருந்தாலும் அந்தப் பேச்சு வெறுங்காற்றிலிருந்து வரவில்லை. தொடக்ககால அலுமினிய வண்டிகள் பருத்த குழாய்களோடும், 23 மி.மீ. டயரோடும், 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றோடும், செங்குத்தான கோணங்களோடும் வந்தன. அவற்றில் நூறு கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்கு வலித்தது உண்மை. பழி மட்டும் உலோகத்தின்மேல் விழுந்தது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க் ஒல்லியான எஃகில் இருந்தால் முன்பின்னாகச் சிறிது வளைந்துகொடுப்பதும் உண்மை. கையில் உணரும் அந்த மென்மையை நான் இல்லை என்று சொல்லவில்லை.

உங்களிடம் இருக்கும் அலுமினிய வண்டி உலுக்குகிறது என்றால், விற்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடமிருந்தால் 28 அல்லது 32 மி.மீ. டயருக்கு மாறி, ரிம்முக்கும் டயருக்கும் குறிக்கப்பட்ட எல்லைக்குள் உங்கள் எடைக்கேற்பக் காற்றைக் குறையுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 பி.எஸ்.ஐ. அளவு ஒரு நல்ல தொடக்கம். ஃபிரேம் 27.2 மி.மீ. சீட்போஸ்டை ஏற்கும் என்றால், நீளமான கார்பன் போஸ்ட் ஒன்றும் உதவும். செலவு புதிய ஃபிரேமில் ஒரு சிறு பங்குதான்.

6. மலை ஏறும்போது ஒரு கிலோ குறைந்தால் எவ்வளவு மிச்சம்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். நீங்களும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ என்பது 1.25 விழுக்காடு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற ஓர் ஏற்றத்தில், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அதிகபட்சம் 45 வினாடி மிச்சமாகும். சமதளத்தில் காற்றின் தடையே பெரிது என்பதால் வேறுபாடு அநேகமாகத் தெரியாது.

பந்தயத்தில் ஓடுபவருக்கு 45 வினாடி பெரிய விஷயம். மற்றவர்களுக்கு, நல்ல கார்பன் ஃபிரேம் ஒரு கிலோவுக்குச் சற்று மேலோ கீழோ, நல்ல அலுமினியம் ஒன்றேகால் முதல் ஒன்றரை, டைட்டானியம் ஒன்றரை அளவில், நல்ல எஃகு இரண்டு கிலோ அளவில் இருக்கும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

7. பெசன்ட் நகரில் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். ஸ்டீல் ஃபிரேம் துருப்பிடித்துப் போய்விடாதா?

கவனிக்காவிட்டால் பிடிக்கும். வெளியே தெரியும் துரு அவ்வளவு ஆபத்தானதில்லை. சுரண்டிப் பெயிண்ட் தொட்டுவிடலாம். உள்ளிருந்து வருவதுதான் மெல்லிய குழாயைத் தின்கிறது. மழைநீர் சீட்போஸ்ட் வழியாக இறங்கிப் பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கும். வண்டி வாங்கியவுடன் சீட்போஸ்டையும் பாட்டம் பிராக்கெட்டையும் கழற்றி, குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்து, ஃபிரேமைச் சுற்றித் திருப்பி எல்லாப் பக்கமும் ஓடவிட வேண்டும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் வடிகால் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் கடற்கரையிலும் எஃகு நிலைக்கும்.

வீட்டுக்குள், வண்டியைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெயினரில் ஓட்டுகிறவர்கள் வியர்வையைக் கவனிக்க வேண்டும். மேற்குழாயிலும், ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டிலும் சொட்டும் உப்புநீர், எஃகை மட்டுமல்லாமல் அலுமினிய ஹேண்டில்பாரையும் டேப்புக்கு அடியில் அரித்துவிடும். இந்தக் கவலை எதுவும் இல்லாத ஒரே ஃபிரேம் உலோகம் டைட்டானியம்.

8. அலுமினியத்துக்கு ஆயுள் உண்டு, எத்தனை முறை மிதித்தோம் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். பத்து வருஷத்தில் தூக்கிப்போட வேண்டுமா?

பாடப்புத்தகம் சொல்வது சரி: எஃகிலும் டைட்டானியத்திலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள சுமை எத்தனை முறை விழுந்தாலும் விரிசல் விடாது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான அடிமட்டம் கிடையாது. ஆனால் இது பொருளைப் பற்றிய உண்மை, ஃபிரேமைப் பற்றியதன்று. அலுமினியத்தின் இந்தக் குணம் பொறியாளருக்குத் தெரியும் என்பதால், குழாயைப் பருமனாக்கித் தகைவைக் குறைத்துவிடுகிறார். எஃகு ஃபிரேம் செய்பவர் எடைக்காகச் சுவரை எல்லைவரை மெலிதாக்கியிருந்தால், அந்த எஃகின் பாதுகாப்பான அடிமட்டம் தாண்டப்பட்டிருக்கலாம்.

1997-ல் ஜெர்மனியில் உயர்ரகப் பந்தய ஃபிரேம்கள் பன்னிரண்டை ஆய்வகத்தில் இலட்சக்கணக்கான முறை அழுத்திச் சோதித்தார்கள். கடைசிவரை உடையாமல் நின்றவை இரண்டு அலுமினியமும் ஒரு கார்பனும். எஃகும் டைட்டானியமும் விரிசல் விட்டன. எஃகு மட்டம் என்று இதிலிருந்து முடிவு செய்ய வேண்டாம். கேள்வி 1-ல் சொன்னதுதான் இங்கும் பொருந்துகிறது.

எனவே பத்து ஆண்டு என்று எந்தக் கெடுவும் இல்லை. ஆண்டுக்கொருமுறை நன்றாகக் கழுவி, வெயிலில் வைத்து, ஒவ்வொரு வெல்டிங் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கூந்தல் இழை போன்ற கோடு தெரிந்தால், அது பெயிண்டில் மட்டும்தானா என்று உறுதியாகும்வரை ஓட்டாதீர்கள்.

9. கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும் என்று பயமாக இருக்கிறது. நம் ஊர் வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் தாங்குமா?

தாங்கும். வண்டி எந்தச் சுமைக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்தச் சுமை, பள்ளம் உட்பட, திரும்பத் திரும்ப விழுந்தாலும் கார்பனை எளிதில் பலவீனமாக்காது. பள்ளத்தில் முதலில் அடிபடுவது டியூபும் ரிம்மும். கார்பனுக்கு உண்மையான எதிரி, வடிவமைப்பில் எதிர்பார்க்காத திசையிலிருந்து ஒரே புள்ளியில் விழும் அடி: வண்டி சரிந்து மேற்குழாய் கல்விளிம்பில் மோதுவது, ஹேண்டில்பார் சுழன்று வந்து குழாயை அறைவது, காரில் ஏற்றும்போது கவ்வி மேற்குழாயை இறுக்குவது. எஃகு இத்தகைய அடியில் குழிந்து தன் காயத்தைக் காட்டிவிடும். கார்பன் வெளியே வழவழப்பாக இருந்துகொண்டு, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும்.

இன்னொரு காரணம் கையால் இறுக்குவது. சீட்போஸ்ட் கவ்வியிலும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மிலும் பெரும்பாலும் 4 அல்லது 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பன் வண்டி வைத்திருக்காதீர்கள்.

10. கார்பன் வண்டியோடு விழுந்துவிட்டேன். வெளியே கீறல் மட்டும்தான். எப்படித் தெரிந்துகொள்வது?

சக்கரங்களைக் கழற்றி, அடிபட்ட இடத்தைத் துடைத்து, ஒரு நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஓசை தெளிவாகவும் கூர்மையாகவும் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் மங்கி, அமுங்கி ஒலிக்கும். குழாயின் தடிமன் மாறும் இடங்களிலும் ஓசை மாறும் என்பதால், வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று இறங்கினாலோ நெறிந்தாலோ அந்த ஃபிரேம் சாலைக்குத் தகுதியில்லை.

இந்தச் சோதனை கெட்டதைக் கண்டுபிடிக்கும். நல்லது என்று சான்றளிக்காது. பலமாக விழுந்திருந்தால், குறிப்பாக ஃபோர்க்கில் அடிபட்டிருந்தால், ஃபோர்க்கை மாற்றிவிடுங்கள். ஓடும்போது ஃபோர்க் உடைந்தால் முகத்தில்தான் விழுவோம்.

11. டி700, டி800 என்று போட்டிருக்கிறதே, எண் கூடக்கூட நல்லதுதானே?

இவை ஜப்பானின் டோரே நிறுவனத்தின் இழை ரகங்கள். டி700 இழையின் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், டி800-க்கு 294. கூடுதல் விறைப்புள்ள இழையால் அடுக்குகளைக் குறைத்து எடையைக் குறைக்கலாம். ஆனால் ஒரு ஃபிரேம் முழுவதும் ஒரே இழையால் செய்யப்படுவதில்லை, இழைகளை அடுக்கிய முறையும் ரெசினை உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்திய விதமும் ஸ்டிக்கரில் வருவதில்லை. பெயர் தெரியாத ஃபிரேமில் ஒட்டிய எண்ணுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை.

12. டைட்டானியத்துக்குக் கொடுக்கும் விலை நியாயமா?

பத்து, இருபது ஆண்டு ஒரே வண்டியில் நெடுந்தூரம் ஓட்டப்போகிறவருக்கு நியாயம். துருப்பிடிக்காது, பெயிண்ட் தேவையில்லை, கீறலைத் தேய்த்துப் போக்கிவிடலாம். பெரும்பாலான ஃபிரேம்கள் 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலப்புலோகத்தால் ஆனவை. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்காக உருவான ரகம் அது.

ஆனால் சாகாத உலோகம் என்று நினைத்துவிட வேண்டாம். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும் என்பதால், குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு நிரப்பித்தான் வெல்டிங் செய்ய வேண்டும். அதில் சோம்பல்பட்டவரின் ஃபிரேம் இணைப்புக்கு அருகில் விரிசல் விடும். விலை குறைவாகக் கிடைக்கும் டைட்டானியத்தில் குறைந்திருப்பது பெரும்பாலும் இந்த உழைப்புதான்.

13. வழியில் உடைந்தால் ஸ்டீலை எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்பது சரிதானா?

அப்பாவின் ஹெர்குலிஸுக்குச் சரி. கேஸ் வெல்டிங் தெரிந்தவர் பித்தளை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். கேள்வி 2-ல் சொன்ன அரை மில்லிமீட்டர் சுவருக்கு, கேட்டுக்கு வெல்டிங் வைக்கும் ஆர்க் இயந்திரத்தைக் கொண்டுபோனால் ஓட்டைதான் விழும். ஆனாலும் பொறுமையான கைக்கு எஃகை மீட்க முடியும். குழாயையே வெட்டி மாற்றவும் முடியும். மற்ற மூன்றிலும் இது இவ்வளவு எளிதில்லை.

அலுமினியத்தில் 6061 ரகத்தை வெல்டிங் செய்தபின், முழு ஃபிரேமையும் உலையில் சூடாக்கித் தணித்தால்தான் பழைய வலிமை திரும்பும். அதைச் செய்யாமல் ஒட்டிய அலுமினிய ஃபிரேமில் ஏறாதீர்கள். கார்பனைப் பலரும் நினைப்பதற்கு மாறாக நன்றாகவே பழுதுபார்க்கலாம். சேதத்தைத் தேய்த்தெடுத்துப் புதிய அடுக்குகளை ஒட்டுவார்கள், அதற்கென்று பயின்றவரிடம் போக வேண்டும்.

14. சீட்போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. எதனால்?

இரு வேறு பொருள்கள் ஈரத்திலும் உப்பிலும் தொட்டுக்கொண்டிருந்தால், இடையில் சிறு மின்னோட்டம் பிறந்து ஒன்று அரிபடும். எஃகு ஃபிரேமில் அலுமினியப் போஸ்ட், கார்பன் ஃபிரேமில் அலுமினியப் போஸ்ட் என்ற இரண்டிலும் அலுமினியம்தான் அரிந்து உப்பி இறுகுகிறது. உலோகத்துக்கு உலோகம் என்றால் கிரீஸ். டைட்டானியம் இருந்தால் அதற்குரிய ஆன்டி-சீஸ் பசை. கார்பன் எந்தப் பக்கம் இருந்தாலும் மணல்மணலான கார்பன் பசை. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

15. பழைய ஃபிரேம் ஒன்று பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், ஒட்டினால் எஃகு. பிறகு, உலோக ஃபிரேம் என்றால், ஃபிரேமின் முன்முனையில் ஃபோர்க் செருகும் குட்டைக் குழாயான ஹெட் டியூபுக்குப் பின்னால் இரண்டு மூன்று அங்குலத்தில், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். நேருக்கு நேர் மோதிய வண்டியில் அங்கே குழாய் மிக மெல்லிதாகப் புடைத்திருக்கும், சில சமயம் பிறை வடிவில் பெயிண்ட் வெடித்திருக்கும். கண்ணுக்குத் தப்பும் அந்தப் புடைப்பு விரலுக்குத் தப்பாது. இருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். சீட்போஸ்டும் ஸ்டெம்மும் கேள்வி 14-ல் சொன்னபடி இறுகிப்போகாமல், தளர்த்தினால் அசைகின்றனவா என்பதையும் அங்கேயே பாருங்கள். கார்பன் என்றால் கேள்வி 10.

16. பந்தய வீரர்கள் எல்லோரும் கார்பனில்தானே ஓடுகிறார்கள்? அதுவே சிறந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அவர்களுடைய வேலைக்கு அது சிறந்தது. டூர் டி பிரான்ஸில் 1986-ல் கிரெக் லெமாண்ட் கார்பன் குழாய் ஃபிரேமில் வென்றார். 1998-ல் மார்கோ பந்தானி அலுமினியத்தில் வென்றார். அதன்பின் களம் கார்பனுடையதாகிவிட்டது. வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்ற விதி 2000 முதல் இருப்பதால், எடையைவிடக் காற்றைக் கிழிக்கும் வடிவங்களுக்கு இப்போது அதிக மதிப்பு. அந்த வடிவங்களைக் கார்பனில்தான் எளிதாக வார்க்க முடியும். விழுந்தால் மறுநாள் புதிய வண்டி கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜப்பானின் கெய்ரின் பந்தயத்தில் இதற்கு நேர்மாறு. 1948-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் யார் வெல்வார் என்று பார்வையாளர்கள் பணம் கட்டுகிறார்கள். வண்டியால் யாருக்கும் சலுகை இருக்கக் கூடாது என்பதற்காக, ஆண்களின் வழக்கமான பந்தயங்களில் அங்கீகாரம் பெற்ற எஃகு ஃபிரேம்களில்தான் ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 40 மணி நேரத்தில் 600 கி.மீ. முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டத்துக்குப் போனால், கார்பனும் அலுமினியமும் நிறைய இருந்தாலும், மட்கார்டு, கேரியர், விளக்குக்கான துளைகளோடு எஃகையும் டைட்டானியத்தையும் விரும்பித் தேடி வாங்கியவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு முதல் தேவை, இரவு இரண்டு மணிக்கு ஊருக்கு வெளியே வண்டி தொந்தரவு தராமல் இருப்பது.

17. மூங்கில், மெக்னீசியம்?

மூங்கில் சைக்கிள் 1890-களிலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இன்றும் கையால் செய்கிறார்கள், ஓட்டுவதற்கு இனிமையானது, இணைப்புகளில்தான் சூட்சுமம். மெக்னீசியம் மிக இலேசானது, ஆனால் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் விரைவாக அரிபடும். நம் கடலோர ஊர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

18. ஒரே பணத்துக்கு, மட்டமான பாகங்களோடு கார்பன் கிடைக்கிறது. நல்ல பாகங்களோடு அலுமினியம் கிடைக்கிறது. எதை எடுப்பது?

அலுமினியத்தை. கார்பன் ஃபோர்க் கொண்ட நல்ல அலுமினிய ஃபிரேமும், நல்ல சக்கரங்களும், நம்பகமான பிரேக்கும் சேர்ந்த வண்டி, கனத்த சக்கரங்களோடு வரும் மலிவான கார்பனைவிட நன்றாக ஓடும். உங்கள் எடை நூறு கிலோவுக்கு அருகில் என்றால், தயாரிப்பாளர் குறித்திருக்கும் எடை வரம்பையும் சக்கரத்திலுள்ள கம்பிகளின் எண்ணிக்கையையும் ஃபிரேமின் பொருளுக்கு முன்பாகப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் அளவு. கடையில் இருப்பு உள்ள அளவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரமாவது வெளியே ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், போகும்போது டயரில் காற்றை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியில் 110-ம் இன்னொன்றில் 70-ம் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது ஃபிரேமை ஆகாது.